16 வயது மகளை ராக் கிளப்புக்கு அனுப்பலாமா? (9:30 கிளப், வாஷிங்டன் டிசி)

கேள்வி: 9 செப்டம்பர் 2024

வர்ஜீனியாவில் ஹெர்ண்டன் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 16 முடிந்துவிட்டது. அடுத்த மாதம் டிசியில் 9:30 கிளப்பில் ஏதோ ஒரு இண்டி ராக் பேண்ட் வாசிக்கிறதாம். தோழியோடு போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கிளப் என்றதுமே என் மனைவி முடியாது என்று சொல்லிவிட்டார். நானும் யூடியூபில் இரண்டு மூன்று வீடியோ பார்த்தேன். கிடாரும் டிரம்ஸும் போடுகிற சத்தத்தில் பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்றே விளங்கவில்லை. இதை மூன்று மணி நேரம் நின்றுகொண்டே கேட்க வேண்டுமாம். அதற்குப் பதில் பெரிய அரங்கத்தில் நல்ல சீட்டாக வாங்கி, குடும்பத்தோடு ஒரு பெரிய கச்சேரி பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 9 செப்டம்பர், இரவு

அனுப்ப வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள்.

வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, வி ஸ்ட்ரீட் ஓரமாகக் காரை நிறுத்தி, போனை நோண்டிக்கொண்டு காத்திருக்கும் அப்பாக்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். உள்ளே நடப்பதை இவர்களும் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும். உங்களுக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள். உள்ளே போனதும் மகளும் தோழியும் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். பக்கத்திலேயே போய் நின்று அவள் மானத்தை வாங்காதீர்கள்.

கிளப் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 1,200 பேர் நிற்கக்கூடிய ஹால், ஒரு மேடை, சுற்றிலும் பால்கனி, மது விற்கும் பார், அவ்வளவுதான். பெரும்பாலான கச்சேரிகளுக்கு அங்கே வயது வரம்பு கிடையாது. இருந்தால் அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். 21 ஆகாதவர்களுக்கு மது தர மாட்டார்கள். மது வாங்க அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.

10 செப்டம்பர்

சத்தத்தைப் பற்றி நேற்று எழுதவில்லை. அதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யூடியூபைப் பார்த்து முடிவு கட்டுவது சரியில்லை.

போனில் இருக்கும் மைக் நாம் பேசுவதற்காகச் செய்தது. 100 டெசிபல் பக்கம் வரும் சத்தத்தை அதன் தலையில் கொட்டினால் எல்லாவற்றையும் நசுக்கிக் கூழாக்கிவிடும். இன்னொன்று, அந்த வீடியோவை எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் முன்வரிசை. சின்ன மேடையில் கிடாரின் ஒலிபெருக்கியான ஆம்பும் டிரம்ஸும் முன்வரிசைக்காரர் முகத்திலேயே அடிக்கும். பாடுகிறவர் குரலோ மைக் வழியாகப் போய், மேடைக்கு இரு பக்கமும் உள்ள பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வருகிறது. அவை ஹாலின் நடுப்பகுதியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அதனால் முன்னால் நிற்பவருக்குக் குரல் கம்மியாகவும் கிடார் அதிகமாகவும் கேட்கும். கொஞ்சம் பின்னால் தள்ளி வந்தாலே பாட்டு தெளிந்துவிடும்.

எந்த கிளப்பாக இருந்தாலும் நான் தேடிப் போய் நிற்கும் இடம் சவுண்ட் என்ஜினியரின் மேசைக்கு ஒட்டி முன்னால். மொத்த ஒலியையும் ஒருவர் தன் காதால் கேட்டுச் சரிசெய்கிறார், அந்தக் காது இருக்கும் இடம் அது. சுவர் ஓரமாகவும் மூலையிலும் நிற்காதீர்கள், அங்கே பேஸ் என்ற அடித்தொனி தேங்கி எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒரு வார நாள் இரவு அப்படி நின்றபோது அந்த வேலையை முழுக்கப் பார்த்தேன். முக்கிய பேண்டுக்கு முன்னால் வாசிக்கும் ஓப்பனிங் பேண்டின் முதல் பாட்டு, ஹால் பாதி காலி. மேசையில் இருந்த பெண் சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கை விரலால் பேஸ் கிடாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மயிரிழை மயிரிழையாகக் கீழே இறக்கினார். வலது கை குரல் மைக்கின் குமிழில். கண் மட்டும் மேடையில். இரண்டாவது வரியில் பாடகி சொன்ன சொல் திடீரென்று தெளிவாகக் காதில் விழுந்தது. அப்புறம் ஆட்கள் வர வர, டிரம்ஸின் சிம்பல் தட்டுகளையும் கிடாரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருந்தார். உடம்பும் துணியும் கூர்மையான ஒலியை உறிஞ்சிவிடும். சாயங்காலம் காலி ஹாலில் சவுண்ட் செக் செய்தபோது கணீரென்று இருந்தது ஆள் நிறைந்ததும் மங்கிப்போகும். ஒரு ராத்திரி முழுக்க அவர் அந்த ஹாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இது எந்தப் போன் வீடியோவிலும் வராது.

10 செப்டம்பர், இரவு

காதடைப்பான் வாங்குங்கள். மூன்று பேருக்கும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

13 செப்டம்பர்

காதடைப்பான் போட்டால் பாட்டு கேட்குமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்கும், நன்றாகவே கேட்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சு வகை கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும், பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்துச் செய்த வகை எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

கணக்கு இதுதான். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ராக் கச்சேரி ஒன்றரை மணி நேரம் அந்த அளவைச் சுற்றியே ஓடும். எனக்கு ஒரு முறை, வேறொரு ஊரில் ஒரு நிலவறை கிளப்பில், ஸ்பீக்கரை ஒட்டி இடம் கிடைத்தது. அடுத்த நாள் மாலை வரை காதில் ரீங்காரம் ஓயவில்லை. 16 வயதுக் காது இன்னும் அறுபது எழுபது வருடம் பாட்டு கேட்க வேண்டிய காது.

16 செப்டம்பர்

குடிக்கும் வயது வராதவர்கள் கையில் கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போடுவது 9:30 கிளப்பில் பிறந்த வழக்கம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வந்தது. 1980 கோடையில் டிசியைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற பையன்கள் பேண்ட் பஸ் ஏறி மேற்குக் கரைக்குப் போனது. அங்கே மபுஹாய் கார்டன்ஸ் என்ற கிளப்பில், குடிக்கும் வயது வராத பையன்களை உள்ளே விடலாமா என்று பேச்சு வந்தபோது, கை முதுகில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு விட்டார்கள். பார்ப்பவர் யாரானாலும் இவனுக்கு மது ஊற்றக் கூடாது என்று தெரிந்துகொள்ளலாம். ஊருக்குத் திரும்பியதும் பையன்கள் டிசி கிளப்காரர்களிடம் இதையே சொல்லிக் கேட்டார்கள்: குறி போடுங்கள், நாங்கள் குடிக்க மாட்டோம், பாட்டு கேட்க மட்டும் விடுங்கள். பின்னாளில் அந்தக் குறி குடிக்காமல் இருப்பவர்களின் கொடியாகவே ஆனது.

அந்த பேண்டில் பேஸ் வாசித்தவர் இயன் மெக்காய். அப்போது 18 வயது. கச்சேரிகளில் சேர்த்து வைத்த காசில் நண்பர்களோடு சேர்ந்து டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் குடியிலிருந்து விலக்கி வைத்து, பாட்டுக்கு மட்டும் உள்ளே விட வேண்டும் என்று கேட்டவர்கள் பிள்ளைகளேதான். மகள் கையில் அந்தக் குறியோ முத்திரையோ விழுந்தால் அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

17 செப்டம்பர்

பெரிய அரங்கமே மேல் என்ற கருத்துக்கு வருகிறேன்.

அங்கேயும் போயிருக்கிறேன். மேடையில் இருப்பவர் கட்டை விரல் அளவில் தெரிவார், கடைசியில் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். வாணவேடிக்கை, நடனம், ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடுவது எல்லாம் உண்டு, அதற்கு ஒரு சுகம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் கிடார் வாசிப்பவர் கம்பி அறுந்ததும் அடுத்தவரைப் பார்த்து என்ன சைகை செய்கிறார், டிரம்மர் அதற்கு எப்படி இரண்டு சுற்று கூடுதலாக அடித்து நேரம் வாங்கித் தருகிறார் என்பது அங்கே தெரியாது. பேண்ட் என்பது நான்கு பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பது. அந்தக் கேட்டலைக் கண்ணால் பார்க்க முடிவது சின்ன ஹாலில்தான்.

9:30 கிளப் முதலில் இதைவிடச் சின்னது. 1980 மே மாதம் எஃப் ஸ்ட்ரீட்டில் 930-ஆம் எண் கட்டடத்தில் தொடங்கியது. பெயரே அந்த முகவரிதான். 199 பேருக்குத்தான் அனுமதி. நீண்ட நடைபாதை வழியாகப் போனால் ஒரு தாழ்ந்த அறை, பார்வையை மறைக்க நடுவில் தூண். ராக் வரலாற்றில் பெயர் சொல்லும் பேண்டுகள் பல அந்தத் தூணுக்குப் பின்னால் வாசித்துவிட்டுத்தான் மேலே போயின. 1996 ஜனவரியில் இப்போதைய வி ஸ்ட்ரீட் இடத்துக்கு மாறியது. அது ஒரு காலத்தில் வானொலி நிலையத்தின் இசை அரங்கம்.

இடம் பெரிதானபோது செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மேடைக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் குறைவாக விற்ற இரவில் மேடையை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். 500 பேர் வந்தாலும் ஹால் நிறைந்த மாதிரி இருக்கும். அறிமுகம் இல்லாத பேண்ட் காலி இடத்தைப் பார்த்து வாசிக்க வேண்டியதில்லை. கச்சேரி நடத்தத் தெரிந்தவர் யோசித்த யோசனை அது.

17 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் இருக்கிறது. அங்கே வளர்ந்த ஒரு பையன் பள்ளிக்கூட நாட்களில் எஃப் ஸ்ட்ரீட் கிளப்புக்கு வந்து முன்னால் நின்று டிரம்மர்களை வேடிக்கை பார்ப்பான். 17 வயதில் ஸ்க்ரீம் என்ற உள்ளூர் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தான். அப்புறம் உலகப் புகழ் பெற்ற நிர்வாணா, ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்டுகள். அந்தப் பையன்தான் டேவ் க்ரோல். 1993-இல் 14-ஆம் தெருவில் பிளாக் கேட் கிளப் திறந்தபோது அதில் அவர் பணமும் இருந்தது. 2023 மே 30 அன்று, 9:30 கிளப்பை ஒட்டியே தி அட்லாண்டிஸ் என்று 450 பேருக்கான புது கிளப் திறந்தார்கள். பழைய எஃப் ஸ்ட்ரீட் கிளப்பின் சாயலிலேயே கட்டியது. திறப்பு விழாக் கச்சேரி ஃபூ ஃபைட்டர்ஸ், டிக்கெட் 44 டாலர். ஸ்டேடியத்தை நிரப்புகிறவர்கள் வந்து 450 பேருக்கு வாசித்தார்கள்.

வயது போதவில்லை என்று அந்தப் பையனை 1980-களில் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால்? நான் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

22 செப்டம்பர்

இந்தக் கேள்வி-பதில் இழையில் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். யு ஸ்ட்ரீட்டில் பென்ஸ் சில்லி பௌல் என்ற உணவகம், 1958 முதல். சைவச் சில்லியும் (பீன்ஸ் குழம்பு) உண்டு, பயப்படாமல் போகலாம். மெட்ரோவில் வருவதானால் பச்சை வழித்தடத்தில் யு ஸ்ட்ரீட் நிலையம். 10-ஆம் தெருப் பக்கத்து வாசலில் ஏறினால் கிளப் நடக்கிற தூரம்தான். திங்கள் முதல் வியாழன் வரை மெட்ரோ நள்ளிரவோடு முடிந்துவிடும், கடைசி ரயிலை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் கேட்டு மறுபடி வாசிக்கும் என்கோர் பாதியில் ஓடுவது பாவம்.

நேரம் இருந்தால் அந்தத் தெருவில் சும்மா நடங்கள். ராக் வருவதற்கு வெகு காலம் முன்பே அது இசைத் தெரு. ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர். 1910-இல் கட்டிய ஹவர்ட் தியேட்டர் இன்னும் நிற்கிறது. நியூயார்க்கின் நாடக அரங்கத் தெருவான பிராட்வேயை வைத்து, கறுப்பின மக்களின் பிராட்வே என்று பெயர் எடுத்த தெரு 1968 கலவரத்தில் எரிந்து, அப்புறம் மெட்ரோ தோண்டலில் வருடக்கணக்காகக் கிடந்து, 1991-இல் நிலையம் திறந்த பிறகுதான் மூச்சு விட்டது. வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் பல வெளியேறியதும் அதே கதையின் பகுதிதான். அங்கே போய்ப் பாட்டு கேட்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

25 செப்டம்பர்

“கதவு 7 மணிக்குத் திறக்கும் என்று போட்டிருக்கிறது, பெரிய பேண்ட் 9 மணிக்குத்தானாம், எட்டே முக்காலுக்குப் போனால் போதுமா?”

போதாது. ஓப்பனிங் பேண்டுக்கு இருங்கள். டிசம்பரில் சென்னை சபாக்களில் மத்தியானம் இளசுகளுக்குக் கொடுக்கிற நேரம் மாதிரிதான் இது. முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிற பெண் பத்து வருடம் கழித்து மாலைக் கச்சேரி பாடும்போது அந்த முப்பது பேருக்கு இருக்கும் பூரிப்பே தனி.

இங்கேயும் அதற்கு உதாரணம் உண்டு. மேரிலாந்தில் எல்லிகாட் சிட்டி என்ற புறநகரில் லிண்ட்ஸி ஜோர்டன் என்ற பெண், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஸ்னெயில் மெயில் என்ற பெயரில் பாட்டு எழுதத் தொடங்கினாள். கிடார் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மேரி டிமோனி, டிசியில் பல பேண்டுகளில் வாசித்துப் பெயர் வாங்கிய கிடார் கலைஞர். 2016-இல் முதல் சிறிய வெளியீடு வந்தது, வெளியிட்டது ப்ரீஸ்ட்ஸ் என்ற டிசி பேண்ட் நடத்திய நிறுவனம். 2018-இல் மாட்டடார் என்ற பெரிய இண்டி (சுயேச்சை) இசை நிறுவனத்தில் முதல் ஆல்பம். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 19 கூட நிறையவில்லை. ஆசிரியர், உள்ளூர் பேண்ட், சின்ன கிளப், கேட்க வந்த சில டஜன் பேர். இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் இது நடந்திருக்காது. எட்டே முக்காலுக்கு வருகிறவர் அந்தக் கண்ணியில் இல்லை.

28 செப்டம்பர்

கூட்டத்தில் தள்ளுமுள்ளு பற்றி உங்கள் மனைவி கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கவலை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இண்டி ராக் என்பது ஒரே வகைச் சரக்கு இல்லை. சில பேண்டுகளின் கச்சேரியில் எல்லோரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். சிலவற்றில் மேடைக்கு முன்னால் நடுப்பகுதியில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக் குதிப்பார்கள். மகள் பார்க்கப் போகும் பேண்ட் எந்த வகை என்று அவளிடமே கேளுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும். குதிக்கிற வகை என்றால் நடுவை விட்டு, முன்னால் இடது அல்லது வலது ஓரம். தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றால் கிளப் காவலர் கண் எதிரிலேயே இருப்பார். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். இது எழுதாத விதி, மீறுகிறவனைக் கூட்டமே வெளியே தள்ளும்.

இந்த ஊரில் இந்த விஷயத்துக்கு ஒரு பாரம்பரியமே இருக்கிறது. இயன் மெக்காய் 1987-இல் தொடங்கிய ஃபுகாசி, எல்லா வயதினரும் வரலாம், டிக்கெட் 5 டாலர் என்பதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்த பேண்ட். முன்னால் யாராவது அடுத்தவரை அடித்து ஆடினால் பாட்டை அப்படியே நிறுத்திவிடுவார்கள். மைக்கில் அந்த ஆளை அழைத்து, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். கேட்காவிட்டால், கவரில் தயாராக வைத்திருக்கும் 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சின்னப் பெண்கள் முன்னால் நின்று பார்க்க முடிய வேண்டும் என்பது அவர்களுக்குப் பாட்டைவிட முக்கியமாக இருந்தது. அவர்கள் மேடை ஏறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் அந்தப் பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டது. யாராவது கையை வைத்துத் தொல்லை கொடுத்தால் தயங்காமல் காவலரிடமோ பார் ஊழியரிடமோ சொல்லும்படி மகளுக்குச் சொல்லுங்கள். நானே சொல்லியிருக்கிறேன், அடுத்த பாட்டுக்குள் அந்த ஆள் வெளியே இருந்தான்.

29 செப்டம்பர்

சத்தம், சத்தம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அமைதியைப் பற்றிச் சொல்லவில்லையே!

யோ லா டெங்கோ. நியூ ஜெர்சி ஹோபோக்கனிலிருந்து 1984-இல் கிளம்பிய பேண்ட், மூன்றே பேர். கிடார் வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும் கணவன் மனைவி. பத்து நிமிடம் கிடாரை உலுக்கி எடுத்து இரைச்சலில் மூழ்கடிப்பார்கள். அப்புறம் டிரம்ஸ் வாசிப்பவர் முன்னால் வந்து நின்று, கிசுகிசுப்பு போல ஒரு பாட்டு பாடுவார். 9:30 கிளப்பில் அந்தப் பாட்டு நடந்தபோது ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னால் பாரில் ஐஸ் அள்ளப் போன பையன், கரண்டி பெட்டியில் பட்டுச் சத்தம் போட்டதும் கையை அப்படியே நிறுத்திவிட்டான். பாட்டு முடியும் வரை கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

உங்கள் மனைவிக்கு முதலில் இந்த மாதிரிக் கச்சேரியைக் காட்டுங்கள்.

3 அக்டோபர்

போன் விஷயத்தில் இழை சூடாகிவிட்டது. கச்சேரியில் போன் எடுப்பவரை வெளியே அனுப்ப வேண்டும் என்று ஒருவர், காசு கொடுத்தவன் எடுப்பான் என்று இன்னொருவர்.

முதலாமவர் பக்கம்தான் நான் வெகு நாள் இருந்தேன். இப்போது கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். நகர்த்தியது ஃபுகாசியின் காப்பகம். அவர்களுடைய சவுண்ட் ஆட்கள் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். டிஸ்கார்ட் அவற்றை 2011 முதல் இணையத்தில் தர ஆரம்பித்தது, 800-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். கம்பி அறுந்தது, மின்சாரம் போனது, முன்னால் சண்டை போட்டவனோடு பேசியது எல்லாம் அதில் இருக்கிறது. பதிவு செய்யாமல் விட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கும்! அதனால் பதிவு செய்வதே தப்பு என்று இப்போது சொல்ல மாட்டேன். பின்னால் இருப்பவர் கண்ணை மறைத்துக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் எடுப்பதுதான் கூடாது. நினைவுக்கு ஒரு படம், நெஞ்சு உயரத்தில், அப்புறம் பைக்குள். மகளும் தோழியும் ஒரு பாட்டை எடுத்தால் திட்டாதீர்கள்.

6 அக்டோபர்

கையில் கொஞ்சம் பணம் வையுங்கள், மெர்ச் மேசைக்கு. டி-ஷர்ட், எல்பி இசைத்தட்டு, போஸ்டர் விற்கும் மேசை. சின்ன பேண்டுகளில் வாசித்தவர்களே வந்து நின்று விற்பார்கள். வியர்வை காயாத டிரம்மரிடம் சைஸ் கேட்டு டி-ஷர்ட் வாங்கி, அந்த மூன்றாவது பாட்டு அருமை என்று அவரிடமே சொல்லலாம். ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடவை பாட்டு ஓடினால் ஒரு சென்ட் கூட முழுசாக வராது. வேனுக்குப் பெட்ரோல் அடிப்பது பெரும்பாலும் இந்த மேசையில் விழும் காசுதான்.

கிளப்களும் தாமாக நிற்பதில்லை. ஆர்லிங்டனில் ஐயோட்டா 2017-இல் மூடியது. 2020-இல் கோவிட் வந்தபோது எச் ஸ்ட்ரீட்டில் ராக் அண்ட் ரோல் ஹோட்டல் என்ற கிளப் போனது, யு ஸ்ட்ரீட் மியூசிக் ஹால் போனது. நாடு முழுக்க சுயேச்சை கிளப்காரர்கள் ஒன்று சேர்ந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முறையிட்டார்கள். அந்த டிசம்பரில் வந்த சட்டத்தில் மூடிக்கிடந்த அரங்குகளுக்காக 1,500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அது வந்ததால் பலர் தப்பினார்கள். ஐயோட்டாவில் நான் கேட்டவர்களை இப்போது கேட்க நினைத்தால் அந்தக் கட்டடத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். கிளப் இருக்கும்போதே போங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

7 அக்டோபர்

9:30 பெரிதாகத் தெரிந்தால் டிசி9 இருக்கிறது, 9-ஆம் தெருவில், மாடியில், ஏறக்குறைய 250 பேர். பிளாக் கேட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, நடுத்தர அளவு. காசே செலவாகக் கூடாது என்றால் கோடையில் டென்லிடவுன் பக்கம் ஃபோர்ட் ரீனோ பூங்கா. 1968 முதல் இலவசக் கச்சேரி, பெரும்பாலும் உள்ளூர் பேண்டுகள், மது கிடையாது, புல்லில் ஜமுக்காளம் விரித்துக் குழந்தை குட்டிகளோடு உட்காரலாம். இந்த வருடக் கோடை போய்விட்டது, அடுத்த ஜூலைக்குக் குறித்து வையுங்கள்.

14 அக்டோபர்

சவுண்ட் மேசைக்கு முன்னால் நில்லுங்கள் என்று எழுதியது உங்களுக்கு. மகளையும் அங்கே இழுத்து நிறுத்தப் போவதாகச் சொல்கிறீர்களே, வேண்டாம். ஒலி அங்கே நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 16 வயதில் தேவை ஒலியின் சமநிலை இல்லை. கிடார் வாசிப்பவளின் விரல் எந்தக் கட்டத்தில் அழுந்துகிறது என்று பார்க்கும் தூரத்தில் நிற்க வேண்டும். பாடப் போகும் பாட்டுகளை எழுதி மேடைத் தரையில் டேப் போட்டு ஒட்டியிருப்பார்களே, அந்தத் தாளை எட்டிப் படிக்கும் தூரம். குரல் கொஞ்சம் கம்மியாகக் கேட்டால் என்ன, அவளுக்கு வரிகள் எல்லாம் மனப்பாடமாகத்தான் இருக்கும். காதடைப்பான் மட்டும் போட்டிருக்கிறாளா என்று பாருங்கள்.

நல்ல செருப்பு வேண்டாம், ஷூ. கோட்டைக் காரிலேயே விடுங்கள்.

28 அக்டோபர்

போய் வந்துவிட்டீர்கள், மனைவியும் வந்தார், ஓப்பனிங் பேண்டின் எல்பியை வாங்கியது அவர்தான் என்று படித்ததும் அலுவலகத்தில் இருந்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன், சந்தோஷத்தில்.

மகள் இப்போது பேஸ் கிடார் கேட்கிறாளாம், என்ன வாங்குவது என்கிறீர்கள். புதிது வேண்டாம், பழையது வாங்குங்கள். வழக்கமான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், சின்னக் கைக்கு எட்டாது. 30 அங்குல வகை கிடைக்கும், எடையும் குறைவு. கடைக்கு அவளையும் கூட்டிப்போய்த் தோளில் மாட்டி நின்று வாசிக்கச் சொல்லுங்கள், உட்கார்ந்து வாசித்தால் எல்லாமே சௌகரியமாகத்தான் தெரியும். ஆம்ப் 15 வாட் போதும், ஹெட்போன் செருகும் வசதி கட்டாயம் இருக்கட்டும், பேஸ் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். கோடையில் கேர்ள்ஸ் ராக் டிசி என்ற அமைப்பு இந்த வயதுப் பெண்களுக்கு இசை முகாம் நடத்துகிறது. முன்னே பின்னே பழக்கம் இல்லாதவர்களையே சேர்த்து பேண்ட் அமைத்து மேடை ஏற்றிவிடுவார்கள். வசந்தகாலம் வந்ததும் அவர்கள் தளத்தைப் பாருங்கள். தோழியையும் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு டிரம்ஸ் மேல் ஒரு கண் இருந்தால் இருவரையும் சேர்த்தே அனுப்பலாம்.